ஒரு திராக்மாவுக்கு ஒரு மகள்

1943-இன் அந்த மார்ச் மாதத்தில் கிரேக்கத் துறைமுகமான சலோனிகாவின் யூதர்கள் அத்தனை பேரும் போலந்து விஷயத்தில் கரை கண்டவர்களாகிவிட்டார்கள். ஒருவர்கூட அந்தத் தேசத்துப் பக்கம் தலைவைத்துப் படுத்ததில்லை. அதை யாரும் ஒரு குறையாகவே நினைக்கவில்லை.

எல்லோரையும்விடப் பெரிய நிபுணர் பர்சிலாய். சினிமாக் கொட்டகை வாசலில் பூசணி விதை வறுத்து விற்றவர். படத்துக்கு முன்னால் காட்டும் செய்திச் சுருளைக் கதவிடுக்கு வழியாக ஓசியில் பார்த்தே உலக ஞானம் சம்பாதித்தவர். போலந்தின் கிராக்கோவ் நகரத்தில் வீட்டுக்கு வீடு கணப்படுப்பு உண்டு, ஜன்னலுக்கு இரட்டைக் கண்ணாடி, முட்டைக்கோஸ் ஒவ்வொன்றும் ஆள் தலை பெருசு என்று பல குடித்தனங்களுக்குப் பொதுவான முற்றத்துக் குழாயடியில் நின்று அவர் சொல்லச் சொல்ல, தண்ணீர் பிடிக்க வந்த பெண்கள் வாளி நிறைந்து வழிவதுகூடத் தெரியாமல் கேட்டார்கள்.

ஊரைப் பிடித்து வைத்திருந்த ஜெர்மன்காரனின் தாராள மனசையும் சொல்லத்தான் வேண்டும். கிராக்கோவில் வேலை தருகிறேன், வீடு தருகிறேன், ரயிலும் நானே விடுகிறேன் என்று வலிய வந்து சொன்னான். போகும்போது வீட்டுச் சாவியைக் கொடுத்துவிட்டுப் போனால் போதுமாம். சட்டையில் மஞ்சள் நட்சத்திரம் தைத்துக்கொள்ளச் சொன்னதுகூட, யார் யார் பயணம் வருகிறார்கள் என்று குழப்பம் இல்லாமல் தெரிவதற்குத்தான் என்று பர்சிலாய் விளக்கினார். தெருவை விட்டு வெளியே போகக் கூடாது என்றது, கடைசி நேரத்தில் யாரும் ரயிலைத் தவறவிடாமல் இருப்பதற்காக.

புதிதாகக் கல்யாணமான ஜோடிகளுக்குக் கிராக்கோவில் தனி அறை என்று ஒரு பேச்சு கிளம்பியது. அவ்வளவுதான். மாப்பிள்ளையின் பாட்டன் காலத்துக் கதை வரை துருவித் துருவி விசாரித்த தாய்மார்கள், இப்போது ஆள் ஆணா என்று மட்டும் பார்த்துப் பெண் கொடுத்தார்கள். ஒரே பந்தலின் கீழ் ஒரு ஜோடி இறங்க, அடுத்த ஜோடி ஏறியது. ஒரே வெள்ளை முக்காடு தலை மாறித் தலை மாறி அழுக்கேறியது.

ஜோயா மட்டும் எதையும் நம்பவில்லை. நம்பாததற்கு அவளிடம் பெரிய காரணம் ஒன்றும் இல்லை. போன டிசம்பரில் ஊருக்கு வெளியே இருந்த யூதர் கல்லறைத் தோட்டத்தை இடித்துத் தள்ளினார்கள். அவளுடைய அப்பாவின் தலைமாட்டில் இருந்த கல், இப்போது யாரோ ஒரு புண்ணியவான் வீட்டுக் கக்கூஸுக்குப் படியாகக் கிடக்கிறது. அதை அவள் தன் கண்ணால் பார்த்தாள்.

"செத்தவங்களையே நிம்மதியாப் படுக்க விடாதவன், உசுரோட இருக்கறவங்களுக்கு இரட்டைக் கண்ணாடி போட்டுக் குடுப்பானா?" என்று குழாயடியில் கேட்டாள்.

அது நகர அபிவிருத்தி, இது வேறு இலாகா என்றார் பர்சிலாய்.

ஜோயாவின் புருஷன் மெந்தேஷ் துறைமுகத்தில் மூட்டை தூக்குகிறவன். அவன் அப்பா, அவர் அப்பா எல்லாருமே அதே துறைமுகத்தில், அதே கயிற்றைத் தோளில் போட்டவர்கள். போன கோடையில் ரோடு போடுவதற்கென்று ஜெர்மன்காரன் பிடித்துக்கொண்டு போய், இலையுதிர் காலத்தில் பாதி ஆளாகத் திருப்பி அனுப்பினான். மீதிப் பாதி மலேரியாவுக்குப் போயிருந்தது. காய்ச்சல் இல்லாத நாட்களில் அவனும் கிராக்கோவ் கட்சிதான். மூட்டை இல்லாத ஊர் உண்டா, தூக்குகிறவனுக்கு எங்கேயும் வேலை உண்டு என்பான்.

அவர்களுக்கு ஒரே பெண். ஐந்து வயது. பெயர் மெர்க்காதா. விலைக்கு வாங்கப்பட்டவள் என்று அர்த்தம்.

பிறந்தபோது வைத்த பெயர் ரெயினா. ஒரு வயதில் தொண்டை அடைப்பான் வந்து, மூச்சு விசில் அடித்தது. டாக்டர் கையை விரித்த பிறகு செய்கிற வைத்தியம் ஒன்று அந்த ஊரில் உண்டு. தவிட்டுக்குப் பிள்ளையை விற்கிற அதே கணக்குதான். பெற்றவள் பிள்ளையை வாசலில் கொண்டுவந்து கூவி விற்க வேண்டும். பிள்ளை வளர்த்துத் தேறியவள் ஒருத்தி காசு கொடுத்து வாங்க வேண்டும். பெயரை மாற்ற வேண்டும். ரெயினாவைத் தேடி வருகிற எமன், இங்கே அப்படி யாரும் இல்லை, இது வேறு யாரோ வாங்கிய பிள்ளை என்று கேட்டுவிட்டு, விலாசம் தப்பென்று திரும்பிப் போய்விடுவான். அந்த இலாகாவிலும் புத்திசாலிகள் குறைவு போலிருக்கிறது. பெரும்பாலும் போய்விடுகிறான்.

அன்றைக்கு ஒரு திராக்மா கொடுத்து வாங்கியவள், முற்றத்துக்கு எதிர் வீட்டுச் சினியோரா எல்வீரா திரேவிஸ். அவளும் யூதச்சிதான், ஆனால் இத்தாலியப் பிரஜை; சினியோரா, அதாவது அம்மணி, என்ற பட்டம் அதனால் வந்தது. அவளுடைய முப்பாட்டன் காலத்தில் குடும்பம் லிவோர்னோவிலிருந்து வியாபாரத்துக்கு வந்தது. அவள் இத்தாலியைப் பார்த்ததெல்லாம் ஒரு பிஸ்கட் டப்பா மூடியில். ஆனாலும் மூக்கைத் தூக்கிக்கொண்டு நடப்பதில் குறை வைத்ததில்லை. ஊரே எரிந்த பெருந்தீயில் மாளிகை போய், இந்த முற்றத்தில் ஒற்றை அறைக்கு வந்து இருபத்தைந்து வருஷத்துக்கு மேலாகியும், விருந்துக்கு வந்தவள் மாதிரிதான் இருந்தாள். புருஷன் இல்லை. ஒரே மகன் இத்தாலியில், திரியெஸ்தே நகரத்தில்.

பிள்ளை பிழைத்தது. வழக்கப்படி விற்றவளும் வாங்கியவளும் சிரித்துக்கொண்டு அவரவர் வேலையைப் பார்க்கப் போயிருக்க வேண்டும். சினியோரா எல்வீரா போகவில்லை. கொடுத்த காசுக்கு முழு மகள் வேண்டும் என்று நின்றாள். என்ன செருப்பு போடுவது, முடியை எந்தப் பக்கம் வகிடெடுப்பது, எல்லாவற்றுக்கும் எதிர் வீட்டிலிருந்து உத்தரவு வந்தது. ஜோயா பொறுத்துப் பார்த்தாள். இரண்டு வருஷத்துக்கு முன்னால் ஒருநாள் சினியோரா குழந்தையைக் கடைத்தெருவுக்குக் கூட்டிக்கொண்டு போய், யாரையும் கேட்காமல் காது குத்திக் கூட்டி வந்தாள். அன்றைக்கு வெடித்தது.

ஒரு காசைக் கொடுத்தால் பெற்ற வலி வந்துவிடுமா என்று ஜோயா முற்றமே கேட்கக் கத்தினாள். அது வெறும் சடங்கு, நீ வெறும் பக்கத்து வீட்டுக்காரி என்றாள். அதோடு பேச்சு நின்றது. ஊரே பட்டினியில் சுருண்ட குளிர்காலத்தில், இத்தாலியத் தூதரகம் தன் பிரஜைகளுக்குக் கொடுத்த மக்கரோனியில் ஒரு பொட்டலம் அவ்வப்போது ஜோயாவின் வாசலில் கிடக்கும். ஜோயா வேகவைத்துக் குழந்தைக்குக் கொடுப்பாள். நன்றி மட்டும் சொல்ல மாட்டாள். வைத்தவளும் வைத்ததாகக் காட்டிக்கொள்ள மாட்டாள். சண்டை என்றால் அப்படி ஒரு நாணயமான சண்டை.

முதல் ரயில் புறப்பட்ட மறு வாரம், பர்சிலாய் இன்னொரு செய்தி கொண்டுவந்தார். இத்தாலிக்காரன் தன் யூதப் பிரஜைகளை ஜெர்மன்காரனுக்குக் கொடுக்க மாட்டேன் என்கிறான். அவர்களுக்கும் அவர்கள் பிள்ளைகளுக்கும் சீட்டு எழுதி, தன் சிப்பாய்கள் போகிற ரயிலில் ஏற்றி, தெற்கே தன் கைவசம் இருக்கும் ஏதென்ஸுக்கு அனுப்புகிறான். எதிர் வீட்டுச் சினியோராவும் போகிறாள். பாவம், கிராக்கோவைப் பார்க்கக் கொடுத்துவைக்கவில்லை என்று பர்சிலாய் உண்மையாகவே வருத்தப்பட்டார்.

ஜோயா கையில் இருந்த வாளியைக் கீழே வைத்தாள். பிள்ளைகளுக்கும் என்று அவர் சொன்னது மட்டும்தான் காதில் விழுந்தது.

எதிர் வீட்டுக் கதவை அவள் தட்டியபோது, சினியோரா உள்ளே தொப்பிகளைக் காகிதத்தில் சுற்றிக்கொண்டிருந்தாள். யாரென்று பார்த்துவிட்டு, மறுபடி தொப்பியைப் பார்த்தாள்.

"குழாய்ல தண்ணி வரலையா?"

"வருது."

"அப்ப இங்க என்ன வேலை?"

ஜோயா முற்றத்தைக் கடக்கும்போது பேசிப் பார்த்துக்கொண்டு வந்த பேச்சு எதுவும் நினைவில் இல்லை. "நீங்க வாங்கினதை நீங்களே எடுத்துக்கிட்டுப் போங்க, சினியோரா" என்று மட்டும் வந்தது.

சினியோரா கையிலிருந்த தொப்பியைச் சுற்றி முடித்தாள்.

"நான் என்னத்தை வாங்கினேன்? ரெண்டு வருஷமா நான் பக்கத்து வீட்டுக்காரிதானே. காசு குடுத்தது வெறும் சடங்குதானே. நீதான் அந்தக் குழாயடியில நின்னு சொன்னே. எனக்குக் காது நல்லாத்தான் கேட்டுச்சு."

"சொன்னேன்."

"இப்ப?"

"இப்ப அவ உங்க பொண்ணு."

"எனக்கு அறுபத்திரண்டு வயசு. இந்த வயசுல எனக்கு அஞ்சு வயசுப் பொண்ணு. ஊரு சிரிக்கும்."

"ஊரு எங்க இருக்கப் போகுது சிரிக்க?" என்றாள் ஜோயா.

சினியோரா முதல் தடவையாக அவளை நேராகப் பார்த்தாள். பிறகு தன் நிபந்தனையைச் சொன்னாள். எந்தக் குழாயடியில் சொன்னாளோ, அதே இடத்தில் அத்தனை பெண்களும் கேட்க அதை மாற்றிச் சொல்ல வேண்டும். பழி தீர்க்கிறாள் என்று ஜோயாவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. பாதி அதுதான். மீதிப் பாதி, போலீஸ் வந்து விசாரித்தால் முற்றம் முழுக்க ஒரே பதிலைச் சொல்ல வேண்டுமே என்ற கணக்கு. அந்தக் கணக்கைச் சினியோரா வாய்விட்டுச் சொல்லவில்லை. அவள் கௌரவம் விடவில்லை.

மெந்தேஷிடம் சொன்னபோது, கட்டிலில் எழுந்து உட்கார்ந்துவிட்டான்.

"என் புள்ளைய விக்கிறியா?"

"வித்து நாலு வருஷம் ஆச்சு. காசை வாங்கினது நீதான். பிள்ளை கழுத்துல கட்டணும்னு குடுத்த காசை, காப்பிக் கடையில குடுத்து ராக்கிச் சாராயம் குடிச்சதும் நீதான்."

அவன் அந்த விஷயத்தை விட்டுவிட்டான். போனால் குடும்பமாகப் போவோம், பிள்ளை நம் கண் முன்னால் இருக்கட்டும், கிராக்கோவில் பள்ளிக்கூடம்கூட இருக்கும் என்று அடுக்கினான். ஜோயா மறுத்துப் பேசவில்லை. துறைமுகத்தில் ராணுவத்துக்காகக் கோவேறு கழுதைகளை ரயிலில் ஏற்றினாயே, ஒரு பெட்டிக்கு எத்தனை ஏற்றுவாய் என்று கேட்டாள்.

"எட்டு. அதுக்கு மேல ஏத்தினா மிதிச்சுக்கும். வழியில நிறுத்தித் தண்ணி காட்டுவாங்க. செத்தா அவனுக்குத்தானே நஷ்டம்."

"போன வாரம் ஸ்டேஷன்ல பாத்தியே. அதே பெட்டிதானே?"

போன வாரம் வேலிக்கு இந்தப் பக்கம் நின்று மெந்தேஷ் பார்த்திருந்தான். அதே பெட்டி. மூட்டை அடுக்குகிறவன் கண்ணுக்கு, உள்ளே எத்தனை பேர் என்று யாரும் எண்ணிச் சொல்ல வேண்டியதில்லை. ஒரு பெட்டிக்கு ஒரு வாளித் தண்ணீர் வைத்தார்கள். அவன் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டான். நெடுநேரம் கழித்து, அந்தப் பொம்பளை செருப்பை எப்போதும் அளவாகத்தான் வாங்குவாள், ஒரு விரல் தாராளமாக வாங்கச் சொல் என்றான்.

மறுநாள் காலை குழாயடியில் கூட்டமாக இருந்த நேரம் பார்த்து, ஜோயா முற்றத்து நடுவில் வந்து நின்றாள்.

"எல்லாரும் கேட்டுக்கோங்க. மெர்க்காதா சினியோரா எல்வீராவோட பொண்ணு. நான் வித்துட்டேன், அவங்க வாங்கிட்டாங்க. எனக்குப் பிள்ளை குட்டி கிடையாது. இனிமே யாராச்சும் அவளை என் பொண்ணுன்னு சொன்னா, சொன்ன நாக்கு அழுகிப் போகும்."

பெண்கள் வாளியைப் பார்த்தார்கள். எதிர் வீட்டு ஜன்னல் திரை கொஞ்சம் அசைந்தது. பர்சிலாய் மட்டும், நுணுக்கமாகப் பார்த்தால் அந்த விற்பனை பிள்ளை குணமாகும் வரைதான் செல்லும் என்று ஒரு சட்டச் சிக்கலை ஆரம்பித்தார். யாரோ ஒரு புண்ணியவதி அவர் காலில் வாளியை வைத்தாள்.

அன்றே மெர்க்காதா எதிர் வீட்டுக்குக் குடிபோனாள். எனக்குத் தெரிந்து, அந்தக் கலவரத்தில் யாருடைய மனசும் நோகாமல் முடிந்த குடிமாற்றம் அது ஒன்றுதான். செர்ரிப் பழ ஜாம் ஒரு கரண்டிக்குச் சினியோராவை அம்மா என்றாள். இரண்டாவது கரண்டிக்கு, எதிர் வீட்டில் இருப்பது ஜோயா அத்தை என்று ஒப்புக்கொண்டாள்.

தூதரகத்துக்கு ஜோயாவும் போக வேண்டியதாயிற்று. பிள்ளை புது இடத்தில் மிரண்டு, பழைய அம்மாவைக் கேட்டு அழுதால் காரியம் கெட்டுவிடும் என்று சினியோராவே கூப்பிட்டாள். இத்தாலியர் என்பதால் சினியோராவுக்கு நட்சத்திரம் இல்லை. ஜோயா நட்சத்திரத்தைப் பிரித்து வீட்டில் வைத்துவிட்டு, சினியோராவின் பழைய கோட்டைப் போட்டுக்கொண்டு கிளம்பினாள். பிடிபட்டால் சுட்டுவிடுவார்கள். வேலைக்காரி என்று சொல்வதாக ஏற்பாடு. அந்த வேஷத்தைத் தேர்ந்தெடுத்ததில் சினியோராவுக்கு ஒரு சின்ன சந்தோஷம் இருந்தது. வழியெல்லாம் இரண்டடி பின்னால் நடக்கச் சொன்னாள்.

தூதரகத்தில் திருவிழாக் கூட்டம். ஊரில் இத்தனை பேருக்கு இத்தாலியத் தாத்தா இருந்தது அதுவரை யாருக்கும் தெரியாது. மேஜைக்குப் பின்னால், தூக்கம் கெட்டுச் சிவந்த கண்களோடு ஒரு நடுவயதுக் குமாஸ்தா உட்கார்ந்திருந்தார். சினியோராவைப் பார்த்தார், குழந்தையைப் பார்த்தார், மறுபடி சினியோராவைப் பார்த்தார்.

"உங்க பொண்ணா?"

"என் பொண்ணு."

"நீங்க பெத்ததா?"

பொய் சொல்வதென்றால் சினியோராவுக்குக் கூசும். குறிப்பாகத் தன் வயது சம்பந்தப்பட்ட பொய். "விலைக்கு வாங்கினேன்" என்றாள்.

குமாஸ்தா பேனாவைக் கீழே வைத்தார். சாலமோன் ராஜா முன்னால் இரண்டு பெண்கள் ஒரு பிள்ளைக்காக வந்து நின்றார்கள் என்றால், இருவரும் என்னுடையது என்றுதான் சண்டை போட்டார்கள். இந்த மாதிரி வழக்கு அவரிடமும் வந்ததில்லை. சினியோரா வழக்கத்தையெல்லாம் விளக்கினாள். கேட்டுவிட்டு, பிறந்தது, தத்தெடுத்தது இரண்டுக்கும் இத்தாலியச் சட்டத்தில் இடம் உண்டு, வாசலில் கூவி வாங்கியதற்கு இல்லையே என்று அவர் நெற்றியைத் தேய்த்தார். பின்னால் வரிசை முணுமுணுத்தது. நேரம் கிடைப்பதற்காகவோ என்னவோ, குழந்தையைப் பார்த்துச் சிரித்தார்.

"என்ன அழகான கண்ணு இந்தப் பொண்ணுக்கு."

அவ்வளவுதான் சொன்னார். ஜோயா யோசிக்கவே இல்லை. தூ, தூ, தூ என்று மூன்று தடவை பக்கத்தில் துப்பி, பிள்ளையின் காது மடலைப் பிடித்து இழுத்து, "மூஞ்சியப் பாரு, குரங்கு மாதிரி" என்று கண் கழித்துவிட்டாள். பிள்ளையைப் புகழ்ந்தால் அடுத்த மூச்சு விடுவதற்குள் இதைச் செய்யாத தாய் அந்த ஊரிலேயே கிடையாது. துப்பி முடித்த பிறகுதான் தான் வேலைக்காரி என்பது அவளுக்கு ஞாபகம் வந்தது.

சினியோராவுக்கும் ஞாபகம் வந்தது. அவசர அவசரமாக அவளும் துப்பினாள். காலம் கடந்துவிட்ட குறையை ஈடுகட்ட இன்னும் நாலைந்து தடவை துப்பினாள்.

குமாஸ்தா தரையைப் பார்த்தார்.

"அம்மா, எனக்கு இந்த ஊர்ல எட்டு வருஷம். என் வீட்டு வேலைக்காரி என் பிள்ளைக்காக ஒரு நாளும் துப்பினதில்ல. பிள்ளையப் பெத்தவதான் துப்புவா."

கோட்டுக்குள்ளே, நட்சத்திரம் இல்லாத இடத்தில், ஜோயாவின் நெஞ்சு அடித்துக்கொண்டது. இனி வேஷம் போட்டுப் பிரயோஜனம் இல்லை.

"பெத்தவ நான்தாங்க. ஆனா வித்ததும் நான்தான். அவங்க வாங்கினதுக்கு என்னைவிட வேற சாட்சி எங்க கிடைக்கும் உங்களுக்கு?"

குமாஸ்தா மேஜைமேல் முன்னால் சாய்ந்தார். பிறகு தாழ்ந்த குரலில், குடும்பத்தில் யாராவது, ஒரு மாமன், ஒரு பாட்டன், லிவோர்னோ, நேப்பிள்ஸ், ஏதாவது உண்டா என்று கேட்டார். வாயைப் பிடுங்குவது போல இரண்டு தடவை கேட்டார். ஜோயா யோசித்துப் பார்த்தாள். எல்லோரும் இதே துறைமுகத்தில் மூட்டை தூக்கியவர்கள் என்றாள். பெரியவர்கள் பெயரை ஜெர்மன்காரன் ஒவ்வொன்றாகத் தோண்டிப் பார்க்கிறான், ஒரு குழந்தை என்றால் நழுவிவிடும் என்றார் குமாஸ்தா, அவளிடம் மன்னிப்பு கேட்பது போல.

முத்திரையைக் குத்தினார். திரேவிஸ், மெர்க்காதா, மகள்.

"ரயில் புறப்படுற வரைக்கும் யார் கேட்டாலும் உங்களுக்குப் பிள்ளை இல்ல. நீங்க எங்க இருந்தாலும் சரி. நம்ம ஆளுங்க கேட்டாலும் சரி. புரியுதா?"

"புரியுது."

"துப்பவும் கூடாது."

அந்த ரயில் புறப்படுவதற்கு முன்னாலேயே முற்றத்தின் முறை வந்துவிட்டது. விடிந்ததும் கையில் பட்டை கட்டிய போலீஸ் வந்தது. நம் ஜனத்திலிருந்தே ஜெர்மன்காரன் பொறுக்கி எடுத்த போலீஸ், அவர்கள் மட்டும் இங்கேயே தங்கள் வீட்டில் இருக்கலாம் என்று சொல்லி. கூட ஒரு ஜெர்மன் சிப்பாய் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு நின்றான். சினியோராவின் கதவில் தூதரகக் காகிதம் ஒட்டியிருந்தது. அதைத் தாண்டிப் போனார்கள். மெந்தேஷ் தன் தோள் கயிற்றை எடுத்து, தன் மூட்டையோடு பக்கத்து இரண்டு வீட்டு மூட்டைகளையும் கட்டி முதுகில் ஏற்றினான். காய்ச்சலில் கால் தள்ளாடியது. மூட்டை தள்ளாடவில்லை.

சினியோரா வாசலில் வந்து நின்றாள். பின்னால் அவள் பாவாடையைப் பிடித்துக்கொண்டு மெர்க்காதா. காலில் புதுச் செருப்பு. குதிகாலில் ஒரு விரல் நுழைகிற இடம் இருந்தது. மெந்தேஷ் அதைப் பார்த்தான். குனிந்தபடியே கடந்து போனான்.

ஜோயா நின்றுவிட்டாள். போலீஸ்காரன் ஒருவன் திரும்பிப் பார்த்தான். ஏதாவது சொல்லியாக வேண்டும். பக்கத்து வீட்டுக்காரி என்ன சொல்வாளோ அதைச் சொல்ல வேண்டும்.

"சினியோரா, உங்க பொண்ணுக்குக் காதுல தோடு ரொம்ப அழகா இருக்கு."

முற்றத்தில் இரண்டு வருஷமாக யாரும் கேட்டிராத வார்த்தை. சினியோராவின் தாடை ஒரு தடவை ஆடியது. உடனே, கொஞ்சமும் தாமதம் இல்லாமல், தூ, தூ, தூ என்று மூன்று தடவை துப்பினாள். பிள்ளையின் காது மடலைப் பிடித்து இழுத்தாள். "எங்க அழகு? குரங்கு" என்றாள்.

போலீஸ்காரன் திருப்தியாகத் தலையைத் திருப்பிக்கொண்டான். மெர்க்காதா, ஜோயா அத்தைக்குக் கையை ஆட்டினாள்.

ஸ்டேஷனை ஒட்டியிருந்த பரோன் ஹிர்ஷ் குடியிருப்பு ஒரு காலத்தில் ஏழைகள் இருந்த இடம். இப்போது சுற்றிலும் பலகை வேலி, முள்கம்பி, விளக்குக் கம்பங்கள் என்று வசதி கூடியிருந்தது. முந்தின ரயிலில் போனவர்கள் விட்டுப்போன அறைகளில் அடுத்த ரயிலுக்கு உள்ளவர்களை அடைத்தார்கள். ஜோயாவின் அறையில் முப்பது பேருக்கு மேல். பர்சிலாயும் அதே அறையில் வந்து சேர்ந்தார். இங்கே கொஞ்சம் நெருக்கடிதான், இது வெயிட்டிங் ரூம்தானே என்று எல்லோரிடமும் தன் வீட்டு விருந்தாளிகளிடம் சொல்வது போலச் சொன்னார். வாசலில் ஒரு போலீஸ்காரன் ஸ்டூல் போட்டு உட்கார்ந்திருந்தான். பிள்ளைகளை யாராவது வெளியே விட்டுவிட்டு வந்திருக்கிறார்களா என்பதுதான் அவர்களுடைய முக்கிய விசாரணை. தெரிந்தால் போய்ப் பிடித்து வருவார்கள். ஒரு குடும்பத்தையும் பிரிக்கக் கூடாது என்பதில் அவ்வளவு அக்கறை.

ஜன்னல் வழியாகத் தண்டவாளம் தெரிந்தது. இத்தாலியச் சிப்பாய்களின் ரயில் தூரத்துப் பிளாட்பாரத்தில் நின்றது. மெந்தேஷ் ஜன்னலை விட்டு நகரவில்லை.

ஜோயாவுக்குப் பக்கத்தில் பலோம்பா என்று ஒரு பெண். பத்தொன்பது வயது. நேற்றுத்தான் கல்யாணம். கையில் மருதாணி இல்லாத குறையைத் தவிர வேறு குறை இல்லை என்று பூரித்துக் கிடந்தாள். எல்லோரையும் அக்கா, மாமா என்று உறவு கொண்டாடினாள்.

"அக்கா, உங்களுக்கு எத்தனை பசங்க?"

வாசலில் ஸ்டூல் லேசாகக் கிறீச்சிட்டது.

"இல்லம்மா."

"ஒண்ணுகூடவா?"

"ஒண்ணுகூட இல்ல."

பர்சிலாய் நிமிர்ந்து உட்கார்ந்தார். அவருக்குத் தெரிந்த ஒரு விஷயத்தை அவர் வாய் விட்டுச் சொல்லாமல் இருந்த சரித்திரம் கிடையாது. அவர் தொண்டையைச் செருமினார்.

"பாவம், பாக்காத வைத்தியம் இல்ல. எங்க முற்றத்துக்கே தெரியும். நான்கூட ஒரு டாக்டரைச் சொன்னேன். தலையில எழுதல" என்றார். பிறகு வாசல் பக்கம் கேட்கும்படியாக, கிராக்கோவில் இதற்கென்றே தனி ஆஸ்பத்திரி இருக்கிறது என்றும் சேர்த்துக்கொண்டார். அவர் சொன்னவற்றிலேயே அந்த ஒரு பொய்க்குத்தான் யாராவது நன்றி சொல்ல வேண்டியிருந்தது.

பலோம்பாவின் கண் கலங்கிவிட்டது. ஜோயாவின் கையை இழுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டாள். கவலைப்படாதீங்க, குளிர் தேசத்தில் சீக்கிரம் பிறக்கும் என்று என் மாமியார் சொல்கிறாள் என்றாள். அவளுடைய சித்திக்குப் பதினோரு வருஷம் இல்லாமல் இருந்து, ஒரு மருந்தில் இரட்டைப் பிள்ளை பிறந்ததாம். அத்திப்பழத்தை ராக்கியில் ஊறவைத்து, பெருஞ்சீரகத்தை இடித்துப் போட்டு, தேனில் குழைக்க வேண்டும்.

ரயில் ஊதியது. நீளமாக ஒரு தடவை. சிப்பாய்கள் ஏதோ பாடிக்கொண்டிருந்தது கேட்டது. பெட்டிகள் ஒன்றையொன்று இடித்துக்கொண்டு நகரும் சத்தம் வெகு நேரம் கேட்டு, பிறகு மெலிந்தது. மெந்தேஷ் ஜன்னலிலிருந்து திரும்பாமலேயே சொன்னான்.

"தெற்கே."

சுவரோடு சரிந்து உட்கார்ந்து, தோள் கயிற்றை மடித்துத் தலைக்கு வைத்துக்கொண்டான்.

ஜோயா கையை இழுத்துக்கொண்டிருக்கலாம். அந்தப் பேச்சை அதோடு நிறுத்தியிருக்கலாம். இனி யாரையும் எதையும் நம்பவைக்க வேண்டியதில்லை. ஆனால் பலோம்பாவின் முகம் அவ்வளவு அக்கறையோடு அவளைப் பார்த்துக்கொண்டிருந்தது.

"அத்திப்பழம் எத்தனை போடணும்?" என்று கேட்டாள் ஜோயா.

மூன்று, ஒற்றைப்படையாகத்தான் போட வேண்டும் என்றாள் பலோம்பா.

"வெறும் வயித்துலயா, சாப்பிட்ட அப்புறமா?"

"வெறும் வயித்துல, அக்கா. காலையில எந்திரிச்சதும்."

ஜோயா தலையை ஆட்டினாள். தேன் அந்த ஊரில் கிடைக்குமா என்று பர்சிலாயிடம் ஒரு சந்தேகம் கேட்டாள்.